1938, 1943: காட்சி முடிஞ்ச பிறகு மிஞ்சுறது

போன வருஷம் நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து யாழ்ப்பாணத்தில ஒரு சின்னக் கண்காட்சி வைச்சனாங்கள். இரண்டே இரண்டு நாள். பதினொரு பேரின் படங்கள். புத்தகங்களுக்கு அட்டை கீறுற ஒருத்தி, கலியாணக் கார்ட் டிசைன் பண்ணி வீட்டுச் செலவைப் பார்க்கிற ஒருத்தர், ஐபாடில கீறுற கம்பஸ் பெடியள், இப்பிடி. சுவருக்கு ஆணி அடிக்கக்கூடாது எண்டு மண்டபக்காரர் சொன்னதால கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடுற கிளிப்பில படங்களைத் தொங்கவிட்டோம். அது பார்க்க வடிவாத்தான் இருந்தது.

முதல் நாள் பின்னேரம், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் வந்தார். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நிண்டு பார்த்தார். போகேக்க கேட்டார்: "உங்களுக்கு முன்னம் இப்பிடிச் சேர்ந்து காட்சி வைச்சவை ஆர் எண்டு தெரியுமோ?"

எங்களில ஒருத்தி உடனே, "நாற்பத்திமூன்று குழு" எண்டாள். படிச்ச பிள்ளை.

ஆசிரியர் சிரிச்சார். "அது கொழும்பு, பிள்ளை. நான் இஞ்ச எண்டு கேட்டனான். நாற்பத்திமூண்டுக்கு முன்னமே இஞ்ச ஒண்டு இருந்தது."

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பில இருந்து தொடங்குது.

அவர் சொன்னது வின்சர் கழகத்தை. 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய ஓவியக் கழகம் அது. கொழும்பின் புகழ்பெற்ற 43 குழு உருவாவதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னரே, இங்கே ஓவிய ஆசிரியர்களும் ஓவியர்களும் ஒன்றாகக் கூடிக் கீறியிருக்கிறார்கள். எங்களில ஒருத்தருக்கும் இது தெரியாது. 43 குழுவைப் பற்றி மட்டும் எல்லாருக்கும் ஏதோ கொஞ்சம் தெரியும். இது ஏன் இப்பிடி எண்டு யோசிச்சால், விடை "சண்டையில எல்லாம் அழிஞ்சிட்டுது" எண்ட ஒரு வசனத்தில முடியிற மாதிரித் தெரியும். நாங்களும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சம். தேடத் தேடத்தான் கதை கொஞ்சம் வேற மாதிரி எண்டு விளங்கிச்சுது.

முதல்ல வின்சர். சார்ள்ஸ் ஃப்ரீகுரோவ் வின்சர் ஒரு ஆங்கில ஓவியர். 1920களில் இலங்கைக் கல்வித் திணைக்களத்தில் சித்திரத்துக்கான பிரதம வித்தியாதரிசியாக இருந்தவர். ஐரோப்பாவில் அப்போது ஓவியத்தில் நடந்துகொண்டிருந்த மாற்றங்களை நன்றாக அறிந்த மனிதர். அதேநேரம் இந்த நாட்டுப் பழைய கோயில், விகாரைச் சித்திரங்களையும் மதித்தவர். ஜோர்ஜ் கீற், ஜெஃப்ரி பீலிங் போன்ற இளைஞர்களை ஊக்குவித்ததும் இவர்தான். ஆகவே கொழும்பிலே பின்னர் 43 குழுவாக வந்து சேர்ந்தவர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் அவருடைய பெயரையே கழகத்துக்கு வைத்தவர்களுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது. 1938இல் வின்சர் இந்த நாட்டிலேயே இல்லை, அதற்கு முன்னமே போய்விட்டார். போன அதிகாரியின் பெயரை வைக்கிறதால ஒருவருக்கும் பதவி உயர்வு கிடைக்காது. அந்தப் பெயர் மெய்யான மரியாதையில வைச்ச பெயர் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

இப்ப கொழும்புக்கு வருவம். அங்கே இலங்கைக் கலைச் சங்கம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இருந்தது. வருடாந்தக் கண்காட்சி, நடுவர்கள், பரிசுகள். பார்த்ததைப் பார்த்தபடி கீறும் பிரித்தானியப் பள்ளிக்கூட முறைதான் அங்கே செல்லுபடியானது. வேறு மாதிரிக் கீறினவர்களுக்குச் சுவரில்லை. 1943 ஓகஸ்ட் 29ஆந் திகதி லயனல் வென்டின் வீட்டில் சில பேர் கூடினார்கள். தங்களுக்கென ஒரு குழு, தங்களுக்கென ஒரு காட்சி என்பது முடிவு. நவம்பரில் முதற் கண்காட்சி நடந்தது. ஓகஸ்ட் கடைசியில் பேச்சு, நவம்பரில் படங்கள் சுவரில்! எங்களுக்கு ஒரு மண்டபம் புக் பண்ணவே நாலு மாதம் எடுத்தது.

இந்தக் குழுவைப் பற்றிக் கதைக்கும்போது எல்லாரும் பெரிய பெயர்களையே சொல்லுவார்கள். எங்களைப் பிடித்தது வயதுகள். இப்படியொரு குழு வேண்டும் என்று வென்டிடம் முதலில் பேசியவர் என்று சொல்லப்படும் ஐவன் பீரிஸுக்கு அப்போது 22 வயது. ரிச்சர்ட் கேப்ரியலுக்கு 19. கொழும்பில் யப்பான் விமானங்கள் குண்டு போட்டு ஒன்றரை வருடந்தான் ஆகியிருந்தது. அரிசிக்குப் பங்கீடு. அந்த நேரத்தில் 19 வயசுப் பெடியன் ஒருவன் தன்ர படத்தைக் கொண்டுபோய்ச் சுவரில மாட்டுறான்.

இன்னொன்று. அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் "சுத்தமான" ஓவியர்கள் இல்லை. ஓப்ரி கொலெட் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். இலங்கை அரசியல்வாதிகளின் மூக்கையும் நாடியையும் கீறியே பெயர் எடுத்தவர், பின்னர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். எல். ரி. பி. மஞ்சுசிறி அப்போது பிக்குவாக இருந்தவர். ஊர் ஊராகப் போய் விகாரைச் சுவர்ச் சித்திரங்களைப் பிரதி எடுத்தவர். அந்த உழைப்பிலிருந்து 1977இல் வந்த புத்தகம், இலங்கைக் கோயிற் சித்திரங்களின் வடிவக் கூறுகள் பற்றியது. பூ, கொடி, அன்னம், கரைக் கோலம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கீறியிருப்பார். இண்டைக்கும் ஒரு டிசைனர் மேசையில வைச்சுப் பாவிக்கக்கூடிய புத்தகம். அவர் பிரதி எடுத்த சில சுவர்கள் பிறகு அழிஞ்சும் போயின. பிரதி மட்டும் மிஞ்சியது. லயனல் வென்ட் புகைப்படக்காரர், பியானோ வாசிப்பவர், சட்டம் படித்தவர். ஆக 43 குழுவை ஓவியர் குழு என்பதை விட, கீறத் தெரிஞ்ச, படம் பிடிக்கத் தெரிஞ்ச பல விதமான ஆக்களின் கூட்டு எண்டு சொல்லலாம். எங்கட கிளிப் கயிற்றுக் கண்காட்சியும் அப்படித்தான் இருந்தது எண்டு நினைக்க ஒரு சின்னச் சந்தோசம்.

வென்ட் அடுத்த வருடமே, 1944 டிசம்பரில் இறந்துபோனார். அதோடு குழு கலைஞ்சிருக்க வேணும். கலையவில்லை. காரணம் செயலாளர் ஹரி பீரிஸ். கடிதம் எழுதுகிறவர், படங்களைப் பொதி பண்ணுகிறவர், பட்டியல் தயாரிக்கிறவர் அவர்தான். 1952இல் லண்டனில் குழுவின் கண்காட்சி நடந்தது. பிறகு பரிஸ், வெனிஸ் என்று போனார்கள். வெளியில் போன கதையை எல்லாரும் சொல்லுவார்கள், எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது வேறொன்று. கொழும்பு 7, பேர்ண்ஸ் பிளேஸில் இருந்த தன்னுடைய வீட்டையே ஹரி பீரிஸ் படங்களுக்குக் கொடுத்தார். 1974இல் சபுமால் மன்றம் உருவானது. 43 குழுவின் படங்கள் அந்த வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. இண்டைக்குப் போனாலும் பார்க்கலாம்.

அதாவது, இந்த நாட்டின் நவீன ஓவிய வரலாற்றில் ஒரு பெரும் பகுதி ஞாபகத்தில் இருக்கிறதுக்கு, ஒரு மனிசனிட்ட ஒரு வீடு இருந்தது எண்டதும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்தில் அந்த வீடு இல்லை. வின்சர் கழகத்தில் இருந்தவர்களில் அநேகர் ஆசிரியர்கள். மாதச் சம்பளம், இடமாற்றம், பிள்ளைகளின் படிப்பு. கொழும்பு 7இல் வளவும் ஓய்வும் உள்ளவர்களோடு அவர்களை ஒப்பிட முடியாது. 1950களின் கடைசியில் அ. மாற்கு தொடங்கிய அமைப்பின் பெயரைப் பாருங்கோ: விடுமுறைக்கால ஓவியர் கழகம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டால்தான் ஓவியம். தவணை தொடங்கினால் திரும்பவும் கரும்பலகை, வெண்கட்டி, பானையும் வாழைப்பழமும் கீறச் சொல்லிக் குடுக்கிற பாடம்.

மாற்கு குருநகரில் 1933இல் பிறந்தவர். கொழும்பில் டேவிட் பெயின்ரரிடம் படித்தவர். பெயின்ரர் மனித உடலை மிக மென்மையாக, நுணுக்கமாகத் தீட்டுபவர். மாணவர் அந்த வழியில் நிற்கவில்லை. கோட்டை உடைத்தார், உருவத்தைத் துண்டாக்கினார், பின்னர் போர்க்கால முகங்களைக் கீறினார். பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் வந்தவர்களில் பெண் பிள்ளைகள் பலர், அவர்களில் சிலர் பின்னர் தங்கள் பெயரிலேயே ஓவியர்களாகத் தெரிந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் பிள்ளை டொக்டருக்குப் படிக்காமல் படம் கீறப் போறன் எண்டு சொன்னால் வீட்டில என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு இப்பவும் தெரியும். அப்ப எப்பிடி இருந்திருக்கும்?

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்தில இருந்து முழுச் சனமும் ஒரே இரவில வெளிக்கிட்டது. கையில என்ன எடுக்கிறது? அடையாள அட்டை, நகை, ஒரு சோடி உடுப்பு, வயசான அம்மா. கன்வஸ் எடுக்கேலாது. மாற்குவின் ஓவியங்கள் பல அந்த இடப்பெயர்வோடு இல்லாமற் போயின. 2000ஆம் ஆண்டு அவர் காலமானார்.

சரி, அப்ப சண்டைதானே காரணம்? ஓம். ஆனால் அது மட்டுமில்லை. 1938இலிருந்து 1983 வரைக்கும் எத்தனை வருஷம்! அந்த இடைவெளியில் வின்சர் கழகத்தின் காட்சிகளுக்கு ஒரு முழுப் பட்டியல் தயாராகியிருக்கலாம். எந்தக் காட்சி, எந்த மண்டபம், ஆர் ஆர் கீறினது, எத்தனை படம். அது பத்துப் பிரதியாவது பத்து வீட்டில் இருந்திருந்தால், ஒன்று கனடாவுக்கோ சென்னைக்கோ ஒரு சூட்கேசில் போயிருக்கும். நாங்கள் நூல்களுக்கு வெளியீட்டு விழா வைக்கிற சமூகம். கோயிலுக்கு மகா கும்பாபிஷேக மலர் போடுற சமூகம், பழைய மாணவர் சங்கத்துக்கு வைரவிழா மலர் போடுற சமூகம். படம் கீறினவருக்கு மலர் போடுறது அருமை. அருமையாகப் போட்டதில் ஒன்று 1987இல் மாற்கு பற்றி வந்த "தேடலும் படைப்புலகமும்" என்கிற தொகுப்பு. எட்டு வருடங்களில் படங்கள் போகப்போகின்றன என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. இண்டைக்கு நாங்கள் மாற்குவைப் பற்றி ஏதும் கதைக்கிறம் எண்டால், அந்த மாதிரிக் கடதாசிகளில தங்கித்தான் கதைக்கிறம்.

கடதாசி எண்டோன்ன இன்னொரு பக்கம் திறக்குது. எங்கட தேடலில் எங்களை ஆச்சரியப்படுத்தின பக்கமும் இதுதான்.

எங்கட ஊரில் "ஓவியர்" வேற, "படம் கீறுறவர்" வேற. முன்னவருக்குப் பொன்னாடை. பின்னவருக்கு, "தம்பி, நாளைக்கு அச்சுக்குப் போகுது, இண்டைக்கு இரவு ஒரு அட்டை கீறித் தாரும்." கண்காட்சி வரலாற்றில் பின்னவருக்கு இடமே இல்லை. ஆனால் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் கணக்குத் தலைகீழாகிறது.

சுந்தர் என்ற பெயரில் கீறிய சி. சிவஞானசுந்தரம் கரவெட்டிக்காரர். கட்டடக்கலை படிக்கவென்று பம்பாய்க்குப் போய், கேலிச்சித்திரத்தோடு திரும்பி வந்தவர். (வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பினம் எண்டு யோசிச்சுப் பார்த்தோம்.) தினகரனில் அவர் கீறிய "சவாரித் தம்பர்" ஊர்ப் பேச்சில கதைக்கிற ஒரு பாத்திரம். பிறகு 1960களில் அவரே "சிரித்திரன்" என்ற நகைச்சுவைச் சஞ்சிகையைத் தொடங்கினார். கொழும்பில் தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு வந்த சஞ்சிகை. அது ஒவ்வொரு மாதமும் ஒரு கண்காட்சி. மண்டபம் இல்லை, நாடா வெட்டுற பிரமுகர் இல்லை. சலூனிலும் பஸ்ஸிலும் தேத்தண்ணிக் கடையிலும் நடக்கிற கண்காட்சி.

அந்தச் சிரித்திரன்கள் இண்டைக்கும் கிடைக்கின்றன. 2005இலிருந்து நூலகம் எண்ட இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் பண்ணிப் போட்டுக்கொண்டு வருகுது. அதைத் திறந்து பழைய இதழ்களைத் தட்டிக்கொண்டு போனால், எழுத்தை வாசிக்காமல் அட்டைகளை மட்டும் பார்த்தால், அதுவே ஒரு பெரிய காட்சிக்கூடம். ரமணியின் பெயர் எத்தனை நூல்களின் அட்டையில் வருகிறது! இரண்டு நிறத்துக்குத்தான் காசு இருந்த காலத்தில், அந்த இரண்டு நிறத்தாலேயே என்ன செய்யலாம் என்று அவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். இப்ப எங்களிட்ட கோடிக்கணக்கான நிறம் இருக்கு, நாங்கள் எல்லாரும் ஒரே பேஸ்டல் பிங்கைத்தான் பாவிக்கிறம்.

ஒரே ஒரு கன்வஸ் ஒரே ஒரு வீட்டில் இருந்தது, வீட்டோடு போனது. அவசரத்தில் கீறிய அட்டை ஆயிரம் பிரதியாக ஊரெல்லாம் சிதறியது. ஒன்று செல்லரித்தது, ஒன்று குண்டில் எரிந்தது, ஒன்று கடலை சுற்றப் போனது, ஒன்று ஆருடையோ அலுமாரியில் தப்பி ஸ்கானருக்கு வந்து சேர்ந்தது. "வெறும் படம் கீறுறவர்" பிழைச்சிட்டார்.

பிழைச்சது படம் மட்டுந்தான் எண்டதையும் சொல்லவேணும். பழைய நூல்கள் பலதில் அட்டை கீறினவரின் பெயரே இல்லை. அச்சகத்தின் பெயர் இருக்கும், விலை இருக்கும், "நன்றிகள்" என்று ஒரு பக்கம் நிறைய ஆக்கள் இருப்பினம். அட்டைக்காரர் இருக்கமாட்டார். மூலையில் ஒரு சின்னக் கையெழுத்து இருந்தால் அதிர்ஷ்டம்.

கொழும்பில் 1993இல் ஜோர்ஜ் கீற் மன்றம் கலாபொலவைத் தொடங்கியது. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்து வீதியோரம் ஒரு நாள் திறந்தவெளிச் சந்தை. பெயர் தெரியாத இளம் ஓவியரும் படத்தைக் கொண்டுவந்து சாய்த்து வைக்கலாம், விற்கலாம். நல்ல விசயம், இண்டைக்கும் நடக்குது. அதே 1993இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போறதெண்டால் இருட்டில கிளாலிக் கடலேரியைப் படகில கடக்கவேணும். மற்றக் கரையை உயிரோட பிடிச்சால் போதும் எண்ட காலம். கலாபொலவின் ஆரம்ப வருடங்களில் யாழ்ப்பாணத்துப் பெடியளைக் காணேல்லை எண்டால், அவையளுக்கு ஆர்வம் இல்லாததால இல்லை.

பாதை திறந்த ஒரு இடைவெளியில், 2004இல், திருத்திக் கட்டிய யாழ் பொது நூலகத்தில் "அகம் புறம்" என்ற கண்காட்சி நடந்தது. எரிந்த நூலகத்தில் படம் வைப்பது என்பதே ஒரு கதை. அதில் தா. சனாதனன் ஓவியம் வைக்கவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சாதாரணப் பொருட்களைச் சேகரித்து வைத்தார். 2011இல் வந்த அவருடைய "முற்றுப்பெறாத தோம்பு" இன்னும் ஒரு படி போகிறது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் கீறுகிறார்கள். கிணறு எங்கே, குசினி எங்கே, மாமரம் எங்கே என்று. அதைக் கட்டடப் படமாகவும் கீறி, ஓவியமாகவும் கீறி ஒரு கோப்பு மாதிரிக் கட்டிய புத்தகம். அதை ஒரு டிசைன் வேலையாகப் பாருங்கோ எண்டு எங்கட வயசு ஆக்களுக்குச் சொல்லுறனாங்கள். சுவர் இல்லாத ஊரில, கண்காட்சியைப் புத்தகமாகச் செய்த வேலை. கொண்டு திரியலாம், பல பிரதி இருக்குது, ஒரு வீடு எரிஞ்சாலும் மற்ற வீட்டில இருக்கும்.

லயனல் வென்டின் கதையில் ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட்டுட்டம். அவர் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இண்டைக்கு நாங்கள் பார்க்கிற வென்ட் எல்லாம், அவர் தன்ர கையால அச்சிட்டு வைச்ச பிரதிகளில இருந்து வந்தது. அவ்வளவு வசதியும் சிநேகிதரும் இருந்த ஆளுக்கே அப்பிடி. இப்ப எங்கட படங்கள் முழுக்கப் போனில கிடக்குது, இன்ஸ்டகிராமில கிடக்குது. எங்களில ஒருத்தியின்ர கணக்குப் போன தைப்பொங்கலோடு பூட்டுப்பட்டது. நாலு வருஷப் படங்கள்.

கடைசியாக எங்கட குற்றத்தையும் சொல்லிப்போடுறம். காட்சி முடிஞ்ச அண்டு பின்னேரம் ஆறு மணிக்குள்ள மண்டபத் திறப்பைக் குடுக்கவேணும். அவதிப்பட்டுக் கயிற்றை அவிழ்த்து, படங்களை அவரவரிடம் குடுத்து, பெயர்த் துண்டுகளைக் குப்பைப் பையில போட்டுட்டு வெளிக்கிட்டிட்டம். ஒரு மாதம் கழிச்சு அந்தச் சித்திர ஆசிரியர் போன் எடுத்தார். "பிள்ளையள், உங்கட காட்சிப் பட்டியல் ஒரு பிரதி தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்." எங்களிட்டப் பட்டியல் இல்லை. டைப் பண்ணின லப்டொப் அதுக்குள்ள பழுதாப் போச்சுது. வின்சர் கழகம் ஏன் எழுதி வைக்கேல்லை எண்டு மேல நாங்கள் கேட்ட கேள்வியை இப்ப நீங்கள் எங்களைக் கேட்கலாம்.

வட்ஸ்அப் மெசேஜுகளைத் தோண்டி, ஆக்களுக்குக் கோல் எடுத்து, திரும்பவும் பட்டியலைச் செய்தம். பெயர், படத்தின் தலைப்பு, எதால கீறினது, அளவு. பத்துப் பேர் சரி. ஆசிரியரிடம் ஒரு பிரதி, ஒரு நூல்நிலையத்தில் ஒரு பிரதி, எங்களிடம் ஐந்து. பதினோராவது வரியில மட்டும் இப்பிடி இருக்குது: "பஸ் கொண்டக்டர்கள், நாலு படம், நீல போல்பொயின்ற் பேனை, கொப்பித் தாள்." அந்தப் படங்களை ஒரு சிநேகிதன் கொண்டந்து தந்தவன், அவனுக்கு வேற ஒருத்தன் குடுத்தவனாம். இரண்டு நாளும் கூடச் சனம் நிண்டு பார்த்த படங்கள் அவைதான். பருத்தித்துறை பஸ்ஸில, ஒரு காலை மிதிபலகையில வைச்சுக்கொண்டு மிச்சக்காசு எண்ணுற அந்த அண்ணையை எங்களால மறக்கேலாது.

அதைக் கீறினது ஆர் எண்டு தெரிஞ்சால் எங்களுக்கு எழுதுங்கோ. வரியில இடம் விட்டு வைச்சிருக்கிறம்.